ஒரு பைக்கு அனுமதி

வட்டமான வீட்டுக்கு மூலை கிடையாது என்றுதான் தையல்காரம்மா அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டின் நான்கு மூலைகளையும் இடித்து அகற்றச் சொல்லி நோட்டீஸ் வந்த பிறகுதான், இத்தனை நாளும் தனக்குத் தெரியாமல் நான்கு மூலைகளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அந்த வீடு ஒரு காலத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு அடித்தளமாக இருந்தது. தொட்டியைக் கழற்றிக்கொண்டு போன பிறகு வட்டச் சுவர் மட்டும் நின்றது. அதை வாங்கிக் கூரை போட்டு, முன்பாதியில் மூன்று தையல் மெஷின், பின்பாதியில் கட்டிலும் அடுப்பும் என்று வைத்துக்கொண்டார்கள். குறுக்கே எங்கே பிடித்து அளந்தாலும் இருபத்தெட்டு அடி. எந்த அலமாரியும் சுவரோடு ஒட்டாது. பின்னால் போய் விழுந்த சீப்பு திரும்பி வராது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

நோட்டீஸைக் கதவில் ஒட்டியவர்கள் நேற்று மாலை வந்தார்கள். பத்திரத்தில் இருப்பது 616 சதுர அடி. பரப்பளவு நிர்ணய அலுவலகம் புதிதாகக் கணக்கிட்டதில் கட்டடம் 784 சதுர அடி. ஆகவே மூலைக்கு 42 வீதம், நான்கு மூலைகளில் 168 சதுர அடி பொது இடம் ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது. மூலைகளை இடிக்க வேண்டும், அல்லது மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் சரியான பரப்பளவுச் சான்றிதழ் காட்ட வேண்டும். தவறினால் கட்டடம் பூட்டி முத்திரையிடப்படும்.

பஸ் டிரைவரான அவள் புருஷன், கால் உடைந்து, இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். அவன்தான் அதைச் சத்தமாகப் படித்தான்.

"கோவிச்சுக்கிட்டு மூலையில போய் உக்காரலாம்னா ஏழு வருஷமா எனக்கு ஒரு மூலை கிடைக்கல. இவனுங்க எங்கிருந்து நாலைப் பிடிச்சானுங்க?" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. காலையில் முதல் ஆளாகப் போய்விட வேண்டும் என்று பத்திரத்தையும் அளவு நாடாவையும் நூல்கண்டுகள் கிடந்த ஒரு துணிப்பையில் போட்டு வைத்தாள்.

அலுவலக வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருந்தது. 'பை அனுமதி இல்லை.' அதற்குக் கீழே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு காவலாளி, காவலாளிக்கு முன்னால் ஒரு பதிவேடு. பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பையைக் கொடுத்தாள். காவலாளி அதைத் தூக்கிப் பார்த்து, உதறிப் பார்த்து, வில்லை ஒன்றைக் கொடுத்தார். வில்லை சதுரமாக இருந்தது.

உள்ளே எல்லாமே சதுரமாகத்தான் இருந்தது. சுவர்க் கடிகாரம் சதுரம், தண்ணீர் குடிக்கும் டம்ளர் சதுரம், முத்திரை சதுரம், முத்திரைக்கு மை ஒற்றும் டப்பாவும் சதுரம். வட்டமாக அங்கே இருந்தது பரப்பளவு ஆணையரின் வழுக்கை ஒன்றுதான். அதைப் பற்றி இன்னும் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை.

படிவ எழுத்தரின் கவுன்ட்டருக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் நின்றிருந்தார். நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர், பதினோரு மாதமாக வருகிறவர் என்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் கிணத்துக்காரர். பண்ணையில் குறுக்கே பதினான்கு அடியில் வட்டக் கிணறு ஒன்று இருந்தது. அதன் நான்கு மூலைகளையும் மண் போட்டு மூடச் சொல்லி அவருக்கு உத்தரவு.

"இல்லாத மூலையில மண்ணைக் கொட்டுன்னா எங்க கொட்டுறது தங்கச்சி? கொட்டினா கிணத்துக்குள்ளதான் விழுது," என்றார். "நாலு கூடை கொட்டிப் பார்த்தேன். தண்ணிய அசுத்தப்படுத்தினதா தனியா ஒரு நோட்டீஸ் குடுத்திருக்காங்க." அவருடைய கடைசிக் கெடுவும் இன்றோடு முடிகிறது. நாளைக் காலையில் கிணற்றையே மூடிவிடுவார்கள். சொல்லிவிட்டு அவர் வேறு யாருடைய கிணற்றையோ பற்றிப் பேசியதுபோல மீசையை நீவிக்கொண்டார்.

எழுத்தர் அவளிடம் படிவத்தைத் தள்ளினார். 'வட்டம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நல்ல வேளை, நேராகவே கேட்கிறார்களே என்று அவள் 'ஆமாம்' என்று எழுதினாள்.

எழுத்தர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த வட்டத்தைச் சேர்ந்தவங்கன்னு கேட்டிருக்கு. நீங்க வட்டமா இல்லையான்னு யாரும் கேக்கல."

அடுத்த கட்டம், பக்கங்களின் எண்ணிக்கை. அவள் யோசித்து 'ஒன்று' என்று போட்டாள். மூன்றுக்குக் குறைந்தால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது என்றார் அவர். வட்டத்துக்கு எங்கே சார் பக்கம் என்றாள். பக்கமே இல்லாத ஒன்றுக்குப் பரப்பளவு கேட்டு எப்படி வந்தீர்கள் என்று அவர் நிஜமான கவலையோடு கேட்டார்.

தையல்காரம்மாவுக்கு வட்டம் புதிதில்லை. குடைப் பாவாடையும் வட்ட மேசை விரிப்பும் வெட்டிப் பழகிய கை. எத்தனை துணி வேண்டும், எத்தனை வீணாகும் என்று மனத்திலேயே கணக்குப் போடுகிறவள். எங்கள் வீட்டுக்கு நடுவிலிருந்து சுவர் வரைக்கும் பதினான்கு அடி. பதினாலும் பதினாலும் நூத்தித் தொண்ணூத்தாறு. அதை, என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "இருபத்திரண்டு பை ஏழால பெருக்கினா சரியா அறுநூத்திப் பதினாறு வருது சார்," என்றாள்.

எழுத்தரின் பேனா கீழே விழுந்தது. இரண்டு மேசை தள்ளி ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார்.

"மெதுவாப் பேசுங்கம்மா," என்றார் எழுத்தர், உதடு அசையாமல். "பை இங்க தடை."

"தெரியும் சார். வாசல்லயே குடுத்துட்டேனே."

"நல்லது பண்ணீங்க," என்றார் அவர். அவள் எதைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. அவர் எதைச் சொன்னார் என்று அவளும் கேட்கவில்லை. அதனால் இரண்டு மணி நேரம் போயிற்று.

அந்த இரண்டு மணி நேரமும் ஆணையரின் அறைக்கு வெளியே பெஞ்சில் கழிந்தது. உள்ளே விட்டபோது சதுரக் கடிகாரத்தில் மணி ஒன்று. ஆணையர் அவளை உட்காரச் சொன்னார். பின்னால் சுவரில் அவர் விருது வாங்கும் படம் மாட்டியிருந்தது.

"வட்டம் ஒரு சிக்கலான விஷயம்," என்று தொடங்கினார். "முதல்ல இந்த அலுவலகம் ஆரத்தை ஆரத்தால பெருக்கி அதோட நிறுத்திக்கிச்சு. வீடெல்லாம் மூணுல ஒரு பங்கா சுருங்கிப் போச்சுன்னு ஜனங்க சத்தம் போட்டாங்க. நான் வந்துதான் வட்டத்தைச் சுத்தி ஒரு சதுரம் போட்டு அதையே பரப்பளவா எடுத்துக்கலாம்னு கொண்டு வந்தேன். இப்ப யார் வீடும் சுருங்கறதில்லை. பெருசாத்தான் ஆகுது. அதுக்கும் சத்தம் போடுறாங்க."

"ஐயா, அந்த மூலை எங்க வீட்டுல இல்லையே. ஒண்ணு ரோட்டுல இருக்கு, ஒண்ணு விளக்குக் கம்பத்துல இருக்கு."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம். ரோட்டுல இருக்கு. அதான் ஆக்கிரமிப்பு."

புருஷன் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறான், அவனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன் என்று சொன்னாள். ஆணையருக்கு மனம் இளகிவிட்டது. இரக்கப்பட்டு அவளுக்குப் பலகோண முறையை அனுமதித்தார். சுவரில் சம தூரத்தில் பன்னிரண்டு புள்ளி வைத்து, புள்ளிகளை நேர்க்கோட்டால் சேர்த்து, உள்ளே வரும் பரப்பைக் கணக்கிடலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு பக்கம் வீதம் பன்னிரண்டு பக்க மனு.

பன்னிரண்டு பக்கத்தையும் எழுதி முடிக்க இரண்டரை மணி ஆனது. எழுத்தர் அட்டவணையைப் பார்த்துச் சொன்ன விடை 588.

"இது நோட்டீஸை விட மோசமாச்சே," என்றார் எழுத்தர். "பத்திரத்துல அறுநூத்திப் பதினாறு. இப்ப இருபத்தெட்டு சதுர அடி குறையுது. பதிவேட்டுல இருக்கற இடத்தை எங்க தொலைச்சீங்கன்னு விளக்கம் கேப்பாங்க."

"கோட்டுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கு சார். வளைவுல."

"வளைவுக்குக் கட்டம் இல்லம்மா."

அப்போது போன் அடித்தது. புருஷன். குரலில் வழக்கமான கிண்டல் பாதிதான் இருந்தது. முத்திரை வைக்கிறவர்கள் அரக்கும் பூட்டுமாக இப்போதே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களாம். மரியாதையானவர்கள்தானாம், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்களாம்.

"நான் எந்திரிக்க முடியாதுன்னு சொன்னேன். உத்தரவுல ஆளைப் பத்தி ஒண்ணும் இல்லையாம். கட்டடத்தை மட்டும் பூட்டினாப் போதுமாம். நான் உள்ள இருக்கறதா வெளிய இருக்கறதான்னு என் இஷ்டத்துக்கு விட்டுட்டாங்க," என்றான். கொஞ்சம் நிறுத்தி, "சீக்கிரம் வா," என்றான்.

ஏழு வருடத்தில் அவன் அப்படிச் சொன்னதில்லை. பஸ் ஓட்டுகிறவன், யாரையும் அவசரப்படுத்த மாட்டான்.

பக்கங்களைக் கூட்டினால் என்ன ஆகும் என்று அவள் எழுத்தரைக் கேட்டாள். எழுத்தர் தயங்கினார். கெட்ட மனுஷர் இல்லை. அட்டவணையின் கடைசித் தாள்வரை போய், தொண்ணூற்றாறு பக்கம் போட்டு, அதையும் சுவருக்கு வெளிப்புறமாகத் தொட்டுத் தொட்டுப் போட்டால், விடை 616 வந்துவிடும் என்று கண்டுபிடித்தார். தொண்ணூற்றாறு பக்கத்துக்குத் தொண்ணூற்றாறு பக்க மனு. ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பக்கத்துக்கு எதிரில் குடியிருப்பவரின் கையெழுத்து.

"எதிர்ல சாக்கடையும் விளக்குக் கம்பமும்தான் சார் இருக்கு."

"கைநாட்டு வாங்கினாலும் போதும்," என்றார் எழுத்தர். நக்கலாகச் சொன்னாரா, உதவியாகச் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை.

மணி மூன்றே முக்கால். தொண்ணூற்றாறு பக்கமாவது, கையெழுத்தாவது. வீட்டுக்கே ஓடிப்போய், அவர்கள் பூட்டும் முன் இரண்டு பேரைப் பிடித்துப் புருஷனைக் கட்டிலோடு வெளியே தூக்கிவிடலாம் என்று வாசலுக்கு வந்தாள். வில்லையை நீட்டினாள். காவலாளி பையை எடுத்துத் தந்துவிட்டு, முகத்தைப் பார்த்து, உட்காரு தாயி என்றார்.

பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பலகையையே பார்த்தாள். ஒரு துணிப்பைக்கு ஏன் இத்தனை பெரிய பலகை என்று கேட்டாள். ஏதாவது பேசாவிட்டால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

காவலாளிக்கு அது பிடித்த கதை. பதினாறு வருடம் முன்னால், இப்போதைய ஆணையருக்கு முந்தையவர் காலத்தில், அவருடைய சாப்பாட்டு டப்பாவை எவனோ ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்விட்டான். அன்று மத்தியானம் பட்டினியாக உட்கார்ந்து அவர் ஒரு சுற்றறிக்கை எழுதினார். "'இன்று முதல் இவ்வலுவலகத்தில் பை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கப்பட மாட்டாது, எல்லாப் பிரிவுகளும் உடனே நடைமுறைப்படுத்துக.' எனக்கு மனப்பாடம். எல்லாப் பிரிவுக்கும் நகல் போச்சு. கணக்குப் பிரிவுலகூடக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாங்க. அங்க யாரு பை கொண்டுவராங்க, சொல்லு?"

எழுத்தரின் பேனா விழுந்தது தையல்காரம்மாவுக்கு நினைவு வந்தது. பை இங்க தடை. வட்டக் கணக்கில் வருகிற பையையும் சேர்த்தே தடுத்துவிட்டார்கள். அவள் பையின் காதைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"அண்ணே, எக்காரணம் கொண்டும்னா, யாருக்குமே விலக்கு இல்லையா?"

"ஒண்ணு உண்டு. வீட்டுல உடம்பு முடியாதவங்க இருந்தா ஆணையர் எழுத்துல அனுமதி குடுக்கலாம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

பையை மறுபடி காவலாளியிடம் விட்டுவிட்டு, ஆணையரின் அறைக்குள் அவள் இந்த முறை யாரும் கூப்பிடாமலே போனாள். மணி நாலு இருபது. சாப்பாட்டு டப்பாவிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னாள். ஆணையர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க சொல்றது சரிதான்," என்றார் தாழ்ந்த குரலில். "சந்தேகம் எனக்கும் வந்திருக்கு. என் பொண்ணு கணக்குப் புத்தகத்தைத் தற்செயலாப் பார்த்தேன். அதுல எல்லாப் பக்கத்துலயும் பை இருந்துச்சு. அன்னையிலேருந்து அவளுக்கு நான் பாடம் சொல்லிக் குடுக்கறதில்லை."

"அப்ப மாத்திடலாமே ஐயா."

"எப்படிம்மா மாத்தறது? தப்புன்னு ஒத்துக்காத வரைக்கும் அது நடைமுறை. ஒத்துக்கிட்டா அந்த நிமிஷமே தப்பாயிடும். நாலாயிரத்து முந்நூறு வட்டத்தை நான் சதுரமாக்கியிருக்கேன். அதுக்குத்தான் அந்த விருது. காணாமப் போன ஒரு சாப்பாட்டு டப்பாவுக்காக விருது வாங்கினேன்னு சொல்லச் சொல்றீங்களா? ஒரு வீடு போனா ஒரு குடும்பத்துக்குத்தான் கஷ்டம். ஒரு நடைமுறை போச்சுன்னா எத்தனை அதிகாரிங்க நடுத்தெருவுல நிக்கணும், யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்துப் பார்க்கவில்லை. கட்டிலில் மாவுக்கட்டோடு கிடக்கிறவனைத்தான் நினைத்தாள். பிறகு, தைக்க முடியாத துணியைக் கொண்டுவந்து நிற்கிற வாடிக்கைக்காரரிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"தடை அப்படியே இருக்கட்டும் ஐயா. நான் எதையும் மாத்தச் சொல்லல. எங்க வீட்டுக்காரருக்குக் கால் உடைஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஒரே ஒரு பைக்கு அனுமதி குடுங்க."

ஆணையர் அவளை வெகு நேரம் பார்த்தார். உண்மையில் அரை நிமிடம்தான். ஆனால் அன்று அரை நிமிடமும் வெகு நேரம்தான். பிறகு பேனாவை எடுத்தார். 'மனுதாரரின் கணவருக்குக் கால் முறிந்திருப்பதால், மனுதாரர் ஒரு (1) பையை உள்ளே கொண்டுவர அனுமதிக்கப்படுகிறது. பை உள்ளே இருக்கும் வரை சம்பந்தப்பட்ட பிரிவு அதைப் பயன்படுத்தலாம்.' சதுர முத்திரையை ஒற்றினார்.

மணி நாலு நாற்பது. காவலாளி அனுமதியை இரண்டு முறை படித்தார். பதிவேட்டில் 'உள்ளே சென்ற பை' என்ற பத்தியில் பதினாறு வருடமாக ஒன்றுமே எழுதியதில்லை. அதில் ஒன்று என்று எழுத அவர் அந்தப் பத்தியையே தேட வேண்டியிருந்தது. பிறகு பையைச் சோதிக்க வேண்டும் என்றார். அளவு நாடாவை விரித்துப் பார்த்தார். நூல்கண்டை எண்ணினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாலு நாற்பத்தெட்டுக்கு விட்டார்.

எழுத்தரின் மேசையில் பையை வைத்தாள். அனுமதிச் சீட்டைப் பையின் காதில் குத்தினார் அவர். கீழ் இழுப்பறையின் பூட்டைத் திறந்து, பழுப்பேறிய ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்தார். மை போட்டு அடிக்கப்பட்ட எழுத்துகளுக்கு நடுவே ஒரு பை அடிபடாமல் தப்பியிருந்தது. இருபத்திரண்டு என்று எழுதினார். கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஏழு.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல போட்டது," என்றார், யாரிடமும் இல்லாமல். "மறந்து போச்சோன்னு நினைச்சேன்."

அறுநூற்றுப் பதினாறு. சான்றிதழை வாங்கிக்கொண்டு அவள் போனில் அதன் எண்ணைச் சொன்னபோது மணி நாலு ஐம்பத்தி நாலு. மறுமுனையில் பூட்டுக்காரர்கள் எண்ணைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவர்களுடைய குரலுக்குப் பின்னால் புருஷன், "அப்ப பூட்டை எடுத்துட்டுப் போங்கப்பா, அரக்கு வாசனை தலைவலிக்குது," என்று சொல்வது கேட்டது.

பையை எடுக்கக் கை நீட்டினாள். கிணத்துக்காரர் பக்கத்துப் பெஞ்சில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மீசையை நீவவில்லை.

பை உள்ளே இருக்கும் வரை, என்று ஆணையர் எழுதியிருந்தார். யாருக்கு என்று எழுதவில்லை.

அவள் அளவு நாடாவை மட்டும் உருவிக்கொண்டு, பையை மேசையின் நடுவுக்கு நகர்த்தி வைத்தாள். "அண்ணே, உங்க கிணறு நடுவுலேருந்து ஏழடிதானே?" என்றாள். எழுத்தர் பையைப் பார்த்தார், அனுமதியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

வாசலில் காவலாளி வழிமறித்தார். உள்ளே போன பை வெளியே வரவில்லை என்றால் பதிவேடு ஒத்துப்போகாது என்றார். அனுமதியில் வெளியே எடுத்துப்போகச் சொல்லி எழுதியிருக்கிறதா என்று அவள் கேட்டாள். அவர் யோசித்தார். எழுதியிருக்கவில்லை. எழுதாததைச் செய்யச் சொல்ல அவருக்கு அதிகாரமும் இல்லை. பதிவேட்டை மூடினார்.

வீட்டுக்கு வந்தபோது புருஷன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் கையைப் பார்த்தான்.

"பை எங்க? மறந்துட்டு வந்துட்டியா?"

"இல்லங்க," என்றாள். "வச்சுட்டு வந்திருக்கேன்."